செத்த காலேஜுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், கல்விச் சுற்றுலாப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து 2023-இல் ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்த காலத்தில் பதினான்கு முறை பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிச் சென்னைக்கு அழைத்து வந்திருக்கிறேன். அவற்றுள் முதல் பதினோரு பயணங்களை நான் சரியாக நடத்தவில்லை என்பதை மிகவும் பிந்தித்தான் உணர்ந்தேன். நீங்கள் இந்த ஆண்டின் சுற்றுலாவுக்கு இடங்களைக் குறித்து, முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பாகவே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நம் சுற்றுலாக்கள் எப்படி நடக்கின்றன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நள்ளிரவில் பேருந்து புறப்படும். விடியும் வேளையில் மெரினாவில் சூரிய உதயம், அதன் பிறகு சமாதிகள், வண்டலூர், ஒரு பொழுதுபோக்குப் பூங்கா, நேரம் கிடைத்தால் மாமல்லபுரம், திரும்பும் வழியில் ஒரு பெரிய வணிக வளாகம் என்று ஒரே நாளில் ஆறேழு இடங்களைச் சுற்றிவிட்டு, மறுநாள் அதிகாலையில் பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தோடு பெற்றோரிடம் ஒப்படைப்போம். எந்த இடத்திலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்க மாட்டோம். அந்த முக்கால் மணியிலும் பாதி நேரம் வரிசையில் நிறுத்தித் தலையெண்ணுவதிலேயே போயிருக்கும். பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் திரும்புவார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கடலை முதன்முதலாகப் பார்க்கும் ஒரு பிள்ளையின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் மெரினாவை வேண்டாம் என்று சொல்லவே மாட்டார்கள். ஆனால் அதற்குப் பின் வரும் ஐந்து இடங்களைத்தான் நாம் மறுபடியும் யோசிக்க வேண்டும் என்பது என் பணிவான கருத்து.

2022 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த முறை பேருந்து ஏற்பாட்டாளர் ஒருவரிடம் பயணத் திட்டத்தை ஒப்படைத்திருந்தோம். எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் பட்டியலில் இருந்தது. ஐம்பத்திரண்டு பிள்ளைகளோடு பாந்தியன் சாலையில் இறங்கிப் பார்த்தால் வாயில் பூட்டியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அந்த அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதை அந்த ஏற்பாட்டாளரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவர் அலைபேசியில் சற்று நேரம் பேசிவிட்டு, பிள்ளைகளை நேராக வணிக வளாகத்தில் இறக்கிவிடலாம் என்றார். அப்போது பக்கத்து டீக்கடையில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், இதே சாலையில் பழைய கமிஷனர் ஆபீஸைப் போலீஸ் மியூசியமாக மாற்றி வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்களேன் என்று வழி காட்டினார்.

அந்தக் கட்டடத்தில் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் இருந்தார்கள். நாங்கள் கூப்பிட்டும் வெளியே வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி, 2013-இல் ஆணையர் அலுவலகம் வேப்பேரிக்கு இடம் பெயரும் வரை, இந்த நகரத்தின் காவல் அங்கிருந்துதான் நடத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் அதைப் புதுப்பித்து அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பழைய சீருடைகளும் வாள்களும் துப்பாக்கிகளும் கம்பியில்லாத் தகவல் கருவிகளும் அங்கே இருக்கின்றன. என் பிள்ளைகளை மிகவும் ஈர்த்தது ஒரு காலத்துக் காவலர்கள் அணிந்த அரைக்கால் சட்டைதான். காவலர் ஏன் அரைக்கால் சட்டை போட்டார், பிறகு ஏன் முழுக்கால் சட்டைக்கு மாறினார், யார் மாற்றியது என்று கேள்வி மேல் கேள்வியாக வந்தது. ஊர் திரும்பிய பின்னும் வகுப்பில் அந்தப் பேச்சு ஓயவில்லை. பதினோரு பயணங்களில் ஒரு முறைகூட எனக்கு அப்படி வாய்த்ததில்லை. வழக்கத்துக்கு மாறான, சிறிய, யாரும் வரிசையில் நிற்காத ஓர் இடத்தில், ஒரே ஒரு பொருளின் முன்னால் ஒரு பிள்ளைக்கு நேரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அன்றுதான் கண்டேன். அதற்குப் பின், ஓய்வு பெறுவதற்குள் கிடைத்த இரண்டு பயணங்களையும், ஓய்வுக்குப் பிறகு நானாகவே மேற்கொண்ட பல பயணங்களையும் இத்தகைய இடங்களைத் தேடுவதற்கே செலவிட்டேன். உங்களுக்குப் பயன்படும் என்று நான் நம்புகிற சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அன்று பூட்டியிருந்த அதே எழும்பூர் அருங்காட்சியகம். சென்னையின் பழைய தலைமுறையினர் அதற்கு வைத்திருந்த பெயர் ‘செத்த காலேஜ்’. உயிரியல் பூங்காவுக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர். 1851-இல் இந்த அருங்காட்சியகம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில்தான் தொடங்கியது; அதனால் ‘காலேஜ்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது என்பார்கள். முதல் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், 1854-இல் எழும்பூருக்கு வந்த பிறகு, அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குகளையும் வளர்க்கத் தொடங்கினார். அந்த விலங்குகள்தான் பின்னர் பீப்பிள்ஸ் பார்க்குக்கும், 1985-இல் வண்டலூருக்கும் போய்ச் சேர்ந்த பூங்காவின் தொடக்கம். பாடம் செய்து வைத்த உயிர்கள் ஒரு காலேஜிலும், நடமாடும் உயிர்கள் இன்னொரு காலேஜிலும் இருப்பதாக மக்கள் பிரித்துப் பெயரிட்டுக் கொண்ட அழகை நான் மிகவும் மதிக்கிறேன். காணும் பொங்கலன்று குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றோடு அங்கே வந்த மக்கள், அந்த இடத்தைத் தங்களுடையதாக எண்ணியதால்தான் அதற்கென ஒரு செல்லப் பெயரைச் சூட்டினார்கள்.

அந்த வளாகம் மிகப் பெரியது. ஒரு நாளில் முழுவதையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் எதையும் பார்க்க முடியாது. திருவாலங்காட்டு நடராசரையும் அமராவதிச் சிற்பங்களையும் ஒரு சுற்று காட்டிவிட்டு, வரலாற்றுக்கு முந்தைய காலத்துக் கற்கருவிகள் இருக்கும் பகுதிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். பெரும்பாலோர் நிற்காமல் கடந்துபோகும் இடம் அது. கண்ணாடிக்குப் பின்னால் கற்கள் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் 1863 மே 30 அன்று, இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர், இன்று வெள்ளிக்கிழமைச் சந்தை கூடும் அதே பல்லாவரத்தில், சரளைக் குழி ஒன்றிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். இயற்கையாக உடைந்த கல்லாக இல்லாமல் மனிதக் கை செதுக்கிய கருவியாக அதை அவர் அடையாளம் கண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். அங்குள்ள கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஃபூட் சேர்த்த தொகுப்பை இந்த அருங்காட்சியகமே 1904-இல் விலைக்கு வாங்கியது.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒரு கைக்கோடரியின் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் பாருங்கள். உள்ளங்கையை நிறைக்கும் அளவுள்ள கல். ஒரு முனை கூர்மை, மறுமுனை கை பிடிப்பதற்கு ஏற்ற உருட்டு. இரு பக்கமும் சிப்பி சிப்பியாகப் பெயர்ந்த தழும்புகள். அந்தத் தழும்புகளை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஓர் அடி. யாரோ ஒருவர் உட்கார்ந்து, இன்னொரு கல்லால், இந்த இடத்தில் இத்தனை முறை தட்டியிருக்கிறார். என் மாணவி ஒருத்தி எண்ணிப் பார்த்துவிட்டு, ‘டீச்சர், இவங்க வலதுகைக்காரங்களா, இடதுகைக்காரங்களா?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எந்தப் பாடநூலும் அவளிடம் எழுப்பியிருக்காது.

அடுத்ததாகக் கோட்டை அருங்காட்சியகம். தலைமைச் செயலகம் இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், 1795-இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தில் 1948 முதல் இயங்குகிறது. வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய மன்றமாக இருந்த கட்டடம் அது. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796-இல் அதன் மாடியில்தான் எண்ணெய் விளக்குகளோடு எரிந்தது. வாயிலில் காவல் சோதனை உண்டு என்பதால் பல பள்ளிகள் தயங்குகின்றன. தயங்க வேண்டாம், பள்ளியின் கடிதமும் பெயர்ப் பட்டியலும் கையில் இருந்தால் போதும் என்பதே என் அனுபவம். 1947 ஆகஸ்டு 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுத் தேசியக் கொடி அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை பள்ளிக் கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு, கண்மட்டத்தில் விரித்து வைத்த, வயதான, அந்த முதல் நாளின் கொடியைப் பார்ப்பது வேறோர் அனுபவம்.

அங்கேயே ஒரு மரக்கூண்டு இருக்கிறது. ஏதோ விலங்கை அடைத்து வைத்ததாக்கும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அதில் அடைக்கப்பட்டவர் ஒரு மனிதர். மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஃபிலிப் ஆன்ஸ்ட்ரதர் என்ற அதிகாரி, 1840-இல் முதல் அபினிப் போரின்போது சீனாவின் சூசான் தீவில் பிடிபட்டு, நிங்போ நகரத்தில் இந்தக் கூண்டுக்குள் வைக்கப்பட்டார். காலை நீட்டிப் படுக்க முடியாது, நிமிர்ந்து நிற்க முடியாது. அவருக்குப் படம் வரையத் தெரியும். தம்மைச் சிறை வைத்தவர்களுக்கே படங்களை வரைந்து கொடுத்து, அவர்களுடைய நல்லெண்ணத்தைப் பெற்று, ஓரளவு நல்லவிதமாக நடத்தப்பட்டுக் காலம் தள்ளினார். 1841-இல் விடுதலையாகி வந்தபோது கூண்டும் வந்து சேர்ந்தது.

இந்தக் கூண்டை வைத்து நான் ஒரு வார காலம் பாடம் நடத்தியிருக்கிறேன். மதராஸ் படைக்குச் சீனாவில் என்ன வேலை என்பது முதல் கேள்வி. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இங்கே விளைந்த அபினியை வியாபாரிகள் சீனாவில் கொண்டுபோய் விற்றதும், சீன அரசு அதைத் தடுத்ததும், தடுத்ததற்காகவே பிரிட்டன் போர் தொடுத்ததும், அந்தப் போருக்கு மதராஸ் சிப்பாய்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டதும் பத்து மதிப்பெண் வினாவில் அடங்காத செய்திகள். கூண்டில் இருந்த அதிகாரியின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. அவரோடு கடல் கடந்துபோன நம் ஊர்ச் சிப்பாய்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும் என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். நான் சொல்லிக்கொடுத்து எழுதியதல்ல அது.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் துடுக்கான ஆளைப் பற்றி ‘அவன் சரியான எம்டன்’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு வந்து குண்டு வீசியதும், துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்ததும்தான் அந்தச் சொல்லின் பிறப்பு. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. கோட்டையிலிருந்து மிக அருகில்தான். பாட்டியின் வாயில் இருக்கும் ஒரு சொல் ஒரு சுவரில் முடிவதைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம்.

வானிலை ஆய்வு மையத்தைப் பற்றி உங்கள் மாணவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மழைக்காலத்தில் பள்ளி விடுமுறையா இல்லையா என்ற கவலையோடு அவர்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் அலுவலகம் அதுதான். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் அந்த வளாகத்துக்குள், 1792-ஆம் ஆண்டைத் தாங்கிய ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. பத்து டன் எடை, இரண்டு ஆளுக்கு மேற்பட்ட உயரம். மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த மதராஸ் வானாய்வுக்கூடத்தில், வானில் வடக்கு தெற்காகத் தலைக்கு மேலே செல்வதாகக் கொள்ளும் கோட்டினை நட்சத்திரங்கள் கடக்கும் நேரத்தை அளந்த கருவியைத் தாங்கிய தூண் அது. கருவி துளியும் அசையக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு கனம். ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களும் அறிந்துகொள்ளட்டும் என்ற எண்ணத்தோடு, அதன்மேல் பல மொழிகளில் செய்தி பொறித்தார்கள். தமிழும் தெலுங்கும் அவற்றுள் உண்டு.

வான நூல் பாடத்துக்கு இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இல்லை. இங்கிருந்து கணித்த ‘மதராஸ் நேரம்’ கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. இந்தியா முழுவதும் ரயில்கள் பல்லாண்டு காலம் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வந்த பிறகே அது மறைந்தது. இன்றைய கடிகாரத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒன்பது நிமிட வேறுபாடு. தீர்க்கரேகையை வைத்து அந்த ஒன்பது நிமிடத்தைக் கணக்கிடச் சொன்னால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்துவிடுவார்கள். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பதை மனப்பாடமாக ஒப்பித்தவர்கள், முதன்முறையாக அதைப் பயன்படுத்துவார்கள். 1861-இல் வானியலாளர் நார்மன் போக்சன் ஆசியாவிலிருந்தே முதன்முதலாக ஒரு குறுங்கோளைக் கண்டறிந்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டதும் இங்கேதான். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் நிகழ்வை மக்களுக்கு விளக்கி இந்திய மொழிகளில் சிறுநூல் வெளியிட்டார். ஆய்வுப் பணி 1899-இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. தூண் மட்டும் இங்கே நிற்கிறது. இது அலுவலக வளாகம் என்பதால் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். மழைக்கால நெருக்கடி முடிந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கேட்பது நல்லது.

மெரினாவை விட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் இருக்கும் விவேகானந்தர் இல்லத்துக்கும் வாருங்கள். 1897-இல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கிய கட்டடம் என்பதற்காக அங்கே போகும் பள்ளிகள் உண்டு. ஆனால் வட்டமான அந்தக் கட்டடம் 1842-இல் எதற்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் கடலில் கொண்டுவந்து, இங்கே சேமித்து விற்றார் ஃப்ரெடரிக் டியூடர் என்ற வணிகர். கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்றிலும் அவருக்குப் பனிக் கிடங்குகள் இருந்தன; எஞ்சியிருப்பது இது ஒன்றே. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்த வணிகம் படுத்துவிட்டது. பேட்டைக்கு மட்டும் இன்றுவரை ஐஸ் ஹவுஸ் என்று பெயர். ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளை எடுத்து, ஒன்றை வெறும் தட்டிலும் மற்றொன்றை மரத்தூளிலும் வைத்து எது எப்போது கரைகிறது என்று எழுதச் சொன்னேன். மீன் கடையில் ஐஸ் கட்டியைச் சாக்கால் ஏன் மூடி வைக்கிறார்கள் என்பதற்கு அவர்களே விளக்கம் சொன்னார்கள்.

பெரம்பூர்ப் பக்கம் ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி இருக்கும் ரயில் அருங்காட்சியகம் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றது. பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் சுற்றி ஓடியாட இடமும் மரநிழலும் உண்டு. கிண்டியில் 1972-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பண்ணையை நீங்கள் அறிவீர்கள்.

நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரத்துக்குப் போகும் ஒவ்வொரு பள்ளிப் பேருந்தும் அதன் வாசலைக் கடந்துதான் போகிறது. முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள் இருளர் மக்கள். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978-இல் தொடங்கிய இந்தச் சங்கத்தில், பிடித்த பாம்பைக் கொல்லாமல், நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சு இங்கிருந்து மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. பாம்பு கடித்தவருக்கு மருத்துவமனையில் ஏற்றும் நஞ்சுமுறி மருந்து அதிலிருந்துதான் உருவாகிறது. நம் மாணவர்களில் வயல்வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மணல் தரையில் வரிசையாக மண்பானைகள். ஒவ்வொன்றின் வாயிலும் பருத்தித் துணி இறுகக் கட்டியிருக்கும். அவற்றில் ஒன்றை அவிழ்த்து, வளைந்த கம்பியால் பாம்பை மெல்ல எடுத்து, தலையைப் பிடித்து, கண்ணாடிக் குவளையின் வாயில் கட்டிய சவ்வைக் கடிக்க வைப்பார்கள். குவளையின் உட்புறத்தில் இளமஞ்சள் நிறத்தில் சில துளிகள் வழியும். அவ்வளவுதான் நஞ்சு. இத்தனை சிறிய அளவா என்று பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள். சில வாரங்கள் வைத்திருந்து, சில முறை மட்டும் நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் இட்டு விட்டுவிடுவார்கள். அதே பாம்பு உடனே மறுபடி பிடிபட்டால் தெரிந்துகொள்வதற்காக.

என் வகுப்பில் இருளர் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தவரிடம் அவன், ‘ஒரு பாம்புக்கு எவ்வளவு குடுப்பீங்க? உரிமம் எப்படி வாங்கணும்?’ என்று கேட்டான். அவர் விலையைச் சொன்னார், ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியாக. பேருந்தில் ஏறிய பிறகு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவன் ஏதோ பெருக்கிக் கூட்டிக்கொண்டிருந்தான். செங்கல் சூளையில் அவனுடைய அப்பாவுக்குக் கிடைக்கும் கூலியோடு ஒப்பிட்டிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர் பாம்பு வல்லுநர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, அந்தச் செய்தித்தாளைக் கத்தரித்து வகுப்பறைச் சுவரில் ஒட்டினோம். அந்தப் பையன்தான் பசை கொண்டுவந்தான்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். ஒரு நாளுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வைக்காதீர்கள். அவற்றுள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதன் முன்னால் உட்கார்ந்து, பென்சிலால் வரையட்டும். படம் கோணலாக இருந்தாலும் சரி, வரையும்போதுதான் கண் நிற்கிறது. விளக்கப் பலகையைப் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பலகையை மட்டும்தான் பார்ப்பார்கள். ஓர் ஆசிரியராவது முந்திய வாரமே அந்த இடத்துக்குத் தனியாகப் போய்வர வேண்டும். பொருள்களைப் பார்ப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பேருந்தை எங்கே நிறுத்தலாம், பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எப்படி இருக்கிறது, ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிட நிழல் எங்கே என்பவற்றை வேறு யாரும் நமக்காகப் பார்த்து வைக்க மாட்டார்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் ஒரு பெண் பிள்ளை எந்த வரலாற்றையும் மனத்தில் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பொழுதுபோக்குப் பூங்காவின் கட்டணத்தைக் கட்ட முடியாமல் ஆண்டுதோறும் சுற்றுலாவுக்கு வராமல் நின்றுவிடும் ஏழெட்டுப் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். நான் மேலே சொன்ன இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு. என் கடைசி இரண்டு பயணங்களில் பூங்காவை நீக்கியதால் ஒருவரும் ஊரில் தங்கிவிடவில்லை. முதன்முறையாக முழு வகுப்பும் பேருந்தில் இருந்தது. ராட்டினம் இல்லையா என்று முதலில் முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர்களுக்காக மெரினாவில் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்கினேன், அதில் எல்லோரும் நிறைவடைந்தார்கள்.

உங்கள் பள்ளி சென்னையிலிருந்து வெகு தொலைவில் இருந்தால் இந்தப் பயணமே உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அப்படியானால் உங்கள் மாவட்டத் தலைநகரில் இதுபோல் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். மாவட்ட அரசு அருங்காட்சியகங்கள் பல ஊர்களில் இருக்கின்றன, அவற்றின் வருகைப் பதிவேட்டில் உள்ளூர்ப் பள்ளிகளின் பெயரைப் பார்ப்பது அரிதாக இருக்கிறது. அங்கே பணியாற்றும் காப்பாட்சியர்கள் பிள்ளைகளைக் கண்டால் எவ்வளவு மகிழ்ந்து விளக்குகிறார்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் இறுதியில் பயணம் வைத்திருப்பவர்கள் நாள்காட்டியை இப்போதே எடுத்துப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை திறந்திருக்காது. முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வானிலை மையத்துக்கு எழுதும் கடிதத்தில் மாணவர் எண்ணிக்கை, வகுப்பு, உடன் வரும் ஆசிரியர்களின் பெயர், வரும் நேரம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு, குறைந்தது மூன்று வாரம் முன்னதாக அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்